கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்கள்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளுக்குப் படிக்கும் பலர், கடத்து ஆர்.என்.ஏ. (புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் மூலக்கூறு) என்றதும் மூவிலை வடிவத்தை வரைவார்கள், எதிர் கோடானை (தூது ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துச் சொல்லோடு பொருந்தும் பகுதி) குறிப்பார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மூலக்கூறை உருவாக்கும் மரபணு குரோமோசோமில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மரபணுத்தொகுதியின் பரிணாமம், நிலைப்புத்தன்மை என்று தனித்தனியாகத் தோன்றும் தலைப்புகள் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன.

நான் ஒரு தாளில் குரோமோசோமாக நீளமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரே ஒரு மரபணுவை வரைந்துகொண்டேன். ஈஸ்ட் போன்ற உட்கரு உள்ள உயிர்களில் அதன் உள்ளேயே ஏ பெட்டி, பி பெட்டி என்ற இரண்டு குறு வரிசைகள். ஊக்குவிப்பான், அதாவது படியெடுத்தலைத் (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது) தொடங்கவைக்கும் வரிசை, மரபணுவுக்குள்ளேயே இருப்பது இதன் தனித்தன்மை. டிஎஃப்3சி என்ற புரதத் தொகுப்பு இந்தப் பெட்டிகளைப் பற்றிக்கொண்டு, டிஎஃப்3பி என்ற இன்னொரு தொகுப்பை மரபணுவுக்குச் சற்று முன்னால் அமர்த்துகிறது. அதன்பின் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3 வருகிறது. இந்த வரிசையைக் கையால் வரைந்து பழகுங்கள். மிகச் சிறிய மரபணு, அதன்மேல் பெரிய புரதக் கூட்டம், ஓயாத படியெடுத்தல். அந்த வழியாக வேறு எது வந்தாலும் இந்தக் கூட்டத்தோடு மோத வேண்டியிருக்கும். இது பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

முதலில் மோதுவது இரட்டிப்பாதல் கவை, அதாவது நகலெடுப்பதற்காக டி.என்.ஏ. இரண்டாகப் பிரியும் நகரும் முனை. படியெடுத்தல் நடக்கும் திசைக்கு எதிராகக் கவை வந்தால் இந்த மரபணுவில் தயங்கி நிற்கிறது என்று ஈஸ்டில் தேஷ்பாண்டேயும் நியூலனும் 1996-இல் காட்டினார்கள். படியெடுத்தல் நடக்க முடியாதபடி செய்தால் அந்தத் தயக்கமும் போய்விடுகிறது. எனவே திசை பற்றிய கேள்வி வந்தால் இரண்டு அம்புக்குறிகளைப் போட்டுவிட்டு விடைகளைப் பாருங்கள். நின்ற கவை முறிந்தால் குரோமோசோம் உடையும். நிலைப்புத்தன்மைக்கு ஆபத்து தொடங்கும் இடம் அதுதான்.

அடுத்து, தாவும் மரபுக்கூறுகள், அதாவது குரோமோசோமில் புதிய இடங்களில் நுழையும் டி.என்.ஏ. துண்டுகள். ஈஸ்டில் உள்ள இத்தகைய கூறான டிஒய்3, டிஎஃப்3பி-யை அடையாளம் கண்டு, படியெடுத்தல் தொடங்கும் புள்ளியை ஒட்டியே நுழைகிறது. இன்னொரு கூறான டிஒய்1, பாலிமரேஸ் 3-இன் ஒரு துணை அலகைப் பிடித்துக்கொண்டு மரபணுவுக்கு முன்னாலுள்ள பகுதியில் நுழைகிறது. ஈஸ்டில் மரபணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், இடம் கொடுக்கும் ஈஸ்டைக் கொல்லாமல் இந்தக் கூறுகள் தங்குவதற்கு இது பாதுகாப்பான இடம். ஆனால் ஒரே வரிசை பல இடங்களில் சேர்ந்துவிடுவதால், அவற்றுக்கிடையே மறுசேர்க்கை (டி.என்.ஏ. துண்டுகள் வெட்டி ஒட்டப்படுவது) நடந்து குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுகின்றன. காரணமும் விளைவும் இப்படித் தொடர்ந்து வருவதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பாக்டீரியாவை விட்டுவிடாதீர்கள். குடலைத் தாக்கும் ஈ.கோலையின் எல்.ஈ.ஈ. நோய்த்தீவு (நோய் உண்டாக்க உதவும் மரபணுக்களின் தொகுப்பு), செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்கான செல்சி என்ற கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவை ஒட்டி அமர்ந்திருக்கிறது. இத்தகைய மரபணுக்களின் மூன்று-பிரைம் முனையில் நுழையும் பல பேஜ்கள் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்) அந்த முனையின் நகலைத் தாமே கொண்டுவருவதால், மரபணு கெடுவதில்லை. பல பாக்டீரியாக்களில் அதிகம் மாறாமல் கிடைக்கும் வரிசை என்பதால் பேஜுக்கும் இது வசதி.

திருப்புதலுக்கு 2023-இல் வெளிவந்த செயற்கை ஈஸ்ட் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டின் 275 கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களையும் தொகுத்து, சுமார் 190 கிலோபேஸ் (1,90,000 எழுத்துகள்) நீளமுள்ள தனிக் குரோமோசோம் ஒன்றைக் கட்டினார்கள். ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள். மேலே சொன்ன அத்தனையும் விடையில் வரும்.

சி பகுதியில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். ஊகித்துக் குறிப்பதைவிட, குறிப்புத்தாளில் இந்தக் கோட்டை வரைந்து யோசிக்க ஒரு நிமிடம் செலவிடலாம். பயிற்சிக்கு ஒன்று: ஈஸ்டில் ஒரே பிரதியாக உள்ள ஓர் ஆர்ஜினின் கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவை நீக்கி, பல தலைமுறைகள் வளரவிட்டால் என்ன ஆகும்? பல பிரதிகள் கொண்ட இன்னோர் ஆர்ஜினின் மரபணுக் குடும்பத்தில் ஒரு பிரதி தன் எதிர் கோடானில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 2013-இல் சோதனையிலேயே காட்டப்பட்டது. பிரதிகள் அதிகமாக இருப்பதன் பயன் என்ன என்ற கேள்வி வந்தால், இந்தச் சோதனையை வைத்தே விடையைத் தேர்ந்தெடுங்கள்.