ஆடிக் காற்று

ஜூலை 17
ஆடி பிறந்தாயிற்று. விடிந்ததிலிருந்து முகப்புக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 18
மகள் பயிற்சியில் தப்பாக இறக்கிய விமானத்தின் படத்தை இன்றும் பார்த்தேன். ப்ரொப்பெல்லரின் இரண்டு நுனியும் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி சுருண்டிருக்கிறது. நுனி தரையில் பட்டாலே இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்ப்பார்களாம். இவள் முதுகுக்கு மட்டும் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 19
வலி இல்லை என்கிறாள். குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஜூலை 21
ராத்திரி வளவில் வைத்துக் கேட்டுவிட்டேன். "செஸ்னா 172, சின்னப் பயிற்சி விமானம், இறங்கும்போது கடைசியில் 65 நாட் வாக்கில் வரணும் அப்பச்சி, மணிக்கு 120 கிலோமீட்டர். நான் 75-ல் வந்துட்டேன்." பத்து நாட்தானே என்று நினைத்தேன். அந்தப் பத்துதான் தரைக்குச் சற்று மேலேயே மிதக்க வைத்திருக்கிறது, ஓடுதளம் தீர்ந்துகொண்டே வர இவள் பொறுக்க மாட்டாமல் மூக்கை அழுத்த, பின்சக்கரங்கள் முதலில் தொட வேண்டியதற்கு முன்சக்கரம் போய் மோதி, துள்ளி, மறுபடி அழுத்தி, மறுபடி துள்ளி, மூன்றாவதில் முறிந்திருக்கிறது. முதல் துள்ளலிலேயே முழு பவர் கொடுத்து மேலே போயிருக்கலாமே, சுற்றி வந்து நிதானமாக இறங்கியிருக்கலாமே என்றேன். "எல்லாரும் வெளியே நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க அப்பச்சி."

பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு மார்க் குறைந்ததற்கு அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நான்.

ஜூலை 22
ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போனேன். உலகப் போர் சமயத்தில் போட்ட ஓடுதளம் அங்கேதான். ஆறு வயதில் அவளைக் கூட்டி வந்து, இங்கே விமானம் இறங்கும் ஆத்தா என்று சொன்னதும் நான்தான். வேறு எதையாவது காட்டியிருக்கலாம்.

ஜூலை 25
பயிற்சிக்குத் திரும்புகிறாள், பல்லவன் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். பையைத் தூக்க என்னை விடவில்லை.

ஜூலை 26
பக்கக் காற்று 15 நாட் வரை அடிக்கும்போது இறக்கிக் காட்டியிருப்பதாக அந்த விமானத்தின் புத்தகத்தில் இருக்கிறது. அவள் பயிற்சி எடுக்கும் இடத்தில் இன்று 14. பறக்கவில்லையாம். சரி, நல்லது.

ஜூலை 28
ஆசிரியரோடு பதினோரு தடவை இறங்கினாளாம். ஒரு தடவை துள்ளியதும் இறங்காமல் மேலே போய்விட்டாளாம். அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஜூலை 30
நாளை தனியாக. அவள் ஆத்தா கொப்புடையம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். நான் போகவில்லை, போன் அடித்தால் யார் எடுப்பது.

ஜூலை 31
காலை 6.40. கொடியில் வேட்டி வடகிழக்காகப் பறக்கிறது. அங்கே 9 நாட்.

7.55. இன்னும் கூப்பிடவில்லை. சுற்றி வருகிறாள் போல. வரட்டும், எத்தனை சுற்று வேண்டுமானாலும் வரட்டும்.