ஊட்டிக் குளிருக்கு எந்த மின் ஹீட்டர் வாங்கலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் ஊட்டியில் உறைபனிக் காலம். தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சிப் பக்கம் விடியற்காலையில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். பகலில் நல்ல வெயில் அடித்தாலும் இருட்டியதும் வீட்டுக்குள் கை விறைக்கும். வீடு கட்டியிருக்கும் விதமும் இதற்கு ஒரு காரணம். கான்கிரீட் தளம், செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்று கோயம்புத்தூரில் கட்டுவதைப் போலவே இங்கும் கட்டிவிடுகிறோம். சூட்டைத் தடுத்து நிறுத்த அதில் எதுவும் இல்லை.

எந்த ஹீட்டர் கரண்ட் கம்மியாக இழுக்கும் என்றுதான் கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். காயில் சூடாகி வேலை செய்யும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். விலை மலிவான ஃபேன் ஹீட்டரும் பத்து மடங்கு விலையுள்ள ஆயில் ஹீட்டரும் இதில் சமம். "எங்கள் மாடல் பாதி கரண்ட்தான் எடுக்கும்" என்று யாராவது சொன்னால், அது பாதிச் சூடுதான் தரும் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரே விதிவிலக்கு ஹீட் மோட் உள்ள ஏசி, அதாவது அறையைக் குளிர்விப்பதோடு சூடாக்கவும் செய்யும் ஏசி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் அறைக்கு எவ்வளவு வாட் வேண்டும் என்று பாருங்கள். 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம், இரண்டு பக்கம் வெளிச்சுவர், 4-க்கு 4 அடி ஜன்னல் ஒன்று, மேலே மொட்டைமாடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 9 அங்குலச் செங்கல் சுவர் வழியாகச் சுமார் 38 வாட், கான்கிரீட் தளம் வழியாக 33 வாட், ஜன்னல் கண்ணாடி வழியாக 9 வாட், கதவிடுக்குக் காற்றில் இன்னொரு 9 வாட் போகும். கூட்டினால் ஏறக்குறைய 90 வாட். வெளியே 5 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டுமென்றால் வித்தியாசம் 13. ஆக, அறையை அந்த நிலையில் வைத்திருக்கவே கிட்டத்தட்ட 1200 வாட் தேவை. குளிர்ந்து கிடக்கும் அறையைச் சூடேற்ற அதற்கு மேலும் வேண்டும். அதனால் இந்த அறைக்கு 2000 வாட் ஹீட்டர் சரியான அளவு.

இதே கணக்கில் கூரையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன் மேல் வெப்பத்தைத் தடுக்கும் 50 மில்லிமீட்டர் கண்ணாடி இழைக் கம்பளியோ (கிளாஸ் வூல்) ராக்வூலோ விரித்தால், கூரை வழியாகப் போகும் 33 வாட் 7 வாட்டுக்கு இறங்கிவிடும். 1200 வாட் தேவை 850-க்குக் குறையும். சீலிங் இல்லாத வெறும் தகரக் கூரை என்றால் கூரை இழப்பே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அந்த வீட்டில் காற்றைச் சூடாக்கும் எந்த ஹீட்டரும் தோற்றுப்போகும். கையில் பணம் இருந்தால் முதலில் சீலிங்குக்குச் செலவழியுங்கள், ஹீட்டர் அப்புறம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டி, ஜன்னலுக்குத் தரை தொடும் தடித்த திரை, இரண்டும் சில நூறு ரூபாய்களிலேயே பலன் தரும்.

இப்போது வகைகள். சிவப்பாக ஒளிரும் குவார்ட்ஸ், ஹாலஜன், கார்பன் ஹீட்டர்கள் காற்றை விட்டுவிட்டு எதிரே இருக்கும் ஆளை நேராகச் சூடாக்கும். தகரக் கூரை வீட்டுக்கும், பெரிய ஹாலில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து படிப்பதற்கும் இவைதான் சரி. 800 வாட்டே போதும். ஆனால் ஒரு மீட்டருக்குள் திரையோ கம்பளியோ இருக்கக் கூடாது. சாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச் இருக்கிறதா என்று கடையிலேயே தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். தூங்கும்போது இதை எரியவிடவே கூடாது.

ஃபேன் ஹீட்டர் சிறிய அறையைப் பத்து நிமிடத்தில் கதகதப்பாக்கும். சத்தம் போடும், அணைத்ததும் சூடு போய்விடும். பின்பக்க வலையில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து பாதுகாப்பு கட்-அவுட் அடிக்கடி நிறுத்தும். அப்போது ஹீட்டர் பழுது என்று நினைக்காமல் வலையைச் சுத்தம் செய்யுங்கள். குளியலறைக்குள் இதைக் கொண்டுபோவதை அடியோடு மறந்துவிடுங்கள்.

படுக்கையறைக்கு என் தேர்வு ஆயில் ஹீட்டர். 9, 11, 13 ஃபின் (சூட்டை வெளிவிடும் தகடு) என்று வருகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் மூடி முத்திரையிட்டது. எரிந்து தீராது, குறையாது, மாற்ற வேண்டியதும் இல்லை. சூடேற அரை மணி நேரம் ஆகும் என்பதால் படுப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அப்புறம் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு ஓட்டும், சத்தமும் இருக்காது. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு மணி நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே போடுங்கள். காயில் எண்ணெய்க்கு மேலே நிற்கும்போது சூடேறினால் கருகிப்போகும். ஃபின் மேல் ஈரத்துணி காயப்போடும் பழக்கம் வேண்டாம்.

மொத்த அறைக்கும் சூடு எதற்கு, படுக்கை சூடாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு மின் விரிப்பு இருக்கிறது. 60 முதல் 100 வாட்தான். இரவு முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட் தாண்டாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைவிட மலிவான நிம்மதி கிடையாது. மடிக்காமல் விரிக்க வேண்டும். கைக்குழந்தைக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் கூடாது. சுட்டால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, கால் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது.

ஹீட் மோட் உள்ள இன்வெர்ட்டர் ஏசி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இறைத்துக் கொடுக்கிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். தினமும் 5 மணி நேரம், 1200 வாட் என்றால் 60 நாளில் 360 யூனிட். இதே சூட்டுக்கு ஏசி 120 முதல் 145 யூனிட்டில் முடித்துவிடும். வீட்டின் வழக்கமான செலவு இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் என்றால், சாதா ஹீட்டர் உங்களை 610-க்குக் கொண்டுபோகும். 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். குறைந்த யூனிட்டுகளுக்கான கட்டணப் படிகளில் கிடைத்த சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். ஏசி வீட்டில் கணக்கு 400-க்குள் நிற்கும்.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் விற்பவை பெரும்பாலும் குளிரூட்ட மட்டுமே. 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். வெளியே எத்தனை டிகிரி வரை ஹீட் மோட் ஓடும் என்பதையும் பார்த்து வாங்குங்கள். விடியற்காலையில் வெளி யூனிட்டில் பனி படியும்; அதை உருக்கிவிட ஏசி சில நிமிடங்கள் சூடு தருவதை நிறுத்தும். அது கோளாறு அல்ல. ஏசியில் காற்றைத் திருப்பிவிடும் இறக்கைகளைக் கீழ்நோக்கித் திருப்பாவிட்டால் சூடு முழுதும் கூரையடியிலேயே தங்கிவிடும். சர்வீஸ் ஆள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டியிருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வயரிங்தான் எல்லோரும் கடைசியில் யோசிப்பது, தீப்பிடிப்பதும் அங்கேதான். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். சின்ன மூன்று பின் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கீசருக்கு வைப்பது போன்ற 16 ஆம்பியர் பவர் பாயிண்ட், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி (அதிக மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் வேண்டும். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கன்வெர்ட்டர் பிளக் இரண்டுமே கூடாது. தளர்ந்த பின்னில் 0.2 ஓம் தடை இருந்தால்கூட 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 15 வாட் சூடு உண்டாகும். பிளாஸ்டிக் இளகிக் கருகுவது இதனால்தான். ஹீட்டர் போட்டு அரை மணி கழித்துச் சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

மாலையில் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 200 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் 1500 வாட்தான் தரும். "போன வருஷம் மாதிரி சூடே வரலை" என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம்.

மின் ஹீட்டர் ஆக்ஸிஜனை எரிப்பதில்லை. காற்று சூடாகும்போது ஈரப்பதத்தின் விகிதம் குறைவதால் தொண்டை வறளும், அவ்வளவுதான். உயிரை எடுப்பது கரியடுப்பு. மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடால் இறந்த செய்திகள் மலைப்பிரதேசங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கரண்ட் போன இரவிலும் கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் போதும், கரி வேண்டாம்.

மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த ஹீட்டரை முதல் முறை போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆவது இங்கே சகஜம். காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்ஸைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மின்சாரம் ஹீட்டரின் உலோக உடலுக்குக் கசிகிறது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அதைப் பிடித்துவிடுகிறது. எர்த்தைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லும் எலெக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் வைத்து, மெகர் (மின்கசிவு அளக்கும் கருவி) போட்டு இன்சுலேஷனைச் சோதித்த பிறகு திரும்பப் போடுங்கள். பிப்ரவரி முடிந்ததும் தூசி தட்டி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் போட்டுக் கட்டி, தரையில் வைக்காமல் பரண் மேல் நிமிர்த்தி வைத்தால் அடுத்த நவம்பரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.