“கால்தானேம்மா பாதிச்சிருக்கு?”: ஸ்கிரைப் வாங்கிய கதை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என் மகனுக்கு ஸ்கிரைப்பும் (அவன் சொல்லச் சொல்ல விடையை எழுதுபவர்) கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைத்தன. நிம்மதிதான். ஆனால் அந்த ஆணைக்காக அலைந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அவனுக்கு மூளை முடக்குவாதம். நடை தடுமாறும், பேச்சு கொஞ்சம் குழறும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல்கள் இறுகிவிடும். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் பாதி வினாத்தாளிலேயே மணி அடித்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, யுடிஐடி எனும் தனித்துவ அடையாள எண் எல்லாம் முன்பே வாங்கியாயிற்று. தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பமும் போனது.

கோப்பு திரும்பி வந்தது. சான்றிதழில் ‘இயக்கக் குறைபாடு, இரு கால்கள்’ என்றுதான் இருக்கிறதாம். விண்ணப்பம் போன அலுவலகத்துக்கே நேரில் போனோம். அங்கிருந்த எழுத்தர் தாளைத் தூக்கிக் காட்டி, “கால்தானேம்மா பாதிச்சிருக்கு? கை நல்லாத்தானே இருக்கு?” என்றார். பையன் பக்கத்திலேயே நின்றான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

சிக்கல் எங்கே என்று புரியவைத்தவர் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் மூளை முடக்குவாதத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது. அதை எழுதாமல் பொதுவாக இயக்கக் குறைபாடு என்று முடித்துவிட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். எழுத்துத் தேர்வுகளுக்கான மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில், பார்வையின்மை, இரு கைகளும் பாதித்த இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றுக்குக் கேட்டாலே ஸ்கிரைப் உண்டு என்று இருந்தது. மற்ற குறைபாடுகளுக்கு, எழுத முடியாது என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நிலையில் தனிச் சான்று வேண்டியிருந்தது. ஆக, எங்கள் பையன் தகுதியை இழந்தது சான்றிதழில் இருந்த ஒரு சொல்லால்.

சான்றிதழைத் திருத்த மறுபடியும் மருத்துவக் குழு. “சதவீதம் மாறப்போவதில்லையே, எதற்கு அலைகிறீர்கள்?” என்றார் மருத்துவர். பள்ளித் தேர்வுகளின் பாதி வெறுமையான விடைத்தாள்களை அவர் மேசையில் பரப்பினேன். அவனை எழுதச் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு கேள்வியே கேட்கவில்லை; குறைபாட்டின் பெயரையும் எழுதுவதில் உள்ள தடையையும் தெளிவாக எழுதிக் கொடுத்தார். விடைத்தாள்களைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அலுவலக முத்திரை இல்லை என்று தெரிந்தது. அதற்காக இன்னொரு நாள் வீண். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றையும் அங்கேயே சரிபார்த்துவிட்டு நகருங்கள்.

சலுகைகளுக்கு அளவுகோலாகக் கேட்கும் 40 சதவீதக் குறைபாடு வராதவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் தடை உள்ளவருக்கு அந்த அளவுகோல் இல்லாமலே ஸ்கிரைப் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

பள்ளியில் ஒரு மொழிப்பாட விலக்கும் சேர்த்துக் கேட்கச் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்றான், விட்டுவிட்டோம். சலுகைகள் எல்லாவற்றையும் மொத்தமாக டிக் அடிக்காமல் பிள்ளையிடம் கேளுங்கள்.

ஆணை வந்த பிறகும் ஒரு கவலை இருந்தது. ஸ்கிரைப்பாக வரும் பழக்கமில்லாத ஆசிரியருக்கு அவன் பேச்சு புரியுமா? தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஸ்கிரைப்பைச் சந்திக்கலாம் என்று அதே 2018 வழிகாட்டுதல் சொன்னது. தேர்வு மையத்தில் “அப்படியெல்லாம் வழக்கமில்லை” என்றார்கள். தலைமையாசிரியர் பேசி ஏற்பாடு செய்தார். அந்த ஒரு சந்திப்புதான் தேர்வைக் காப்பாற்றியது.

கணக்கைச் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. பின்னம் எங்கே தொடங்குகிறது, வர்க்கமூலம் எதுவரை போகிறது, அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்று வாயால் சொல்லத் தெரிய வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்குங்கள். நாங்கள் தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் செய்தோம். வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கணக்குத் தேர்வில் கடைசிக் கேள்வி வரை போய்விட்டு வந்தான்.

பிளஸ் டூவுக்கு இதையெல்லாம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். திருத்திய சான்றிதழைப் பத்து நகல் எடுத்து வைத்துவிட்டேன்.