வயோமிங் மேட்டில் ஏம்ஸ் சகோதரர்களின் பிரமிடு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஷையனிலிருந்து லாரமி போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில், வீடவூ பாறைகளுக்குப் பிரியும் இடத்தில் இறங்கித் தெற்கே சரளைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் 60 அடி உயரக் கல் பிரமிடு ஒன்று நிற்கிறது. கடல் மட்டத்துக்கு எட்டாயிரம் அடிக்கு மேல். காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததுமே மூச்சு வாங்கியது.

ஓக்ஸ், ஆலிவர் என்ற ஏம்ஸ் சகோதரர்களின் நினைவுச் சின்னம் அது. மூத்தவர் ஓக்ஸ் ஏம்ஸ் 1804இல் மாசசூசெட்ஸின் ஈஸ்டனில் பிறந்தவர். குடும்பத் தொழில் ஷவல் (மண் அள்ளும் கருவி) தயாரிப்பு. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தபோது அந்த ஷவல்களுக்கு ஏகக் கிராக்கி. 1863இல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார். கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதையைப் போட முடியாமல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி திணறியபோது, தம்பி ஆலிவரோடு சேர்ந்து சொந்தப் பணத்தை இறக்கினார். 1869 மே மாதம் யூட்டாவில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் இணைந்தன.

வினை வந்தது கிரெடிட் மொபிலியரால். பாதை போடும் ஒப்பந்தக் கம்பெனி அது. ரயில் கம்பெனியை நடத்தியவர்களே இதற்கும் முதலாளிகள். செலவை ஏற்றிக் காட்டி, லாபத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதன் பங்குகளை ஏம்ஸ் சக உறுப்பினர்களுக்கு மலிவாகக் கொடுத்தார். 1872இல் விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டது. மறு வருஷம் பிப்ரவரியில் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மே மாதம் இறந்துபோனார்.

அவர் செய்தது லஞ்சம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் சபையின் கண்டனம் அவரோடும் ஜேம்ஸ் புரூக்ஸோடும் நின்றுவிட்டதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதே விவகாரத்தில் பெயர் அடிபட்ட கார்ஃபீல்ட் பிற்பாடு ஜனாதிபதியே ஆனார்!

சரி, பிரமிடுக்கு வருவோம். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் வடிவமைத்தது, 1882இல் கட்டி முடித்தார்கள். கற்கள் பக்கத்திலேயே எடுத்த கிரானைட். கீழ் வரிசைக் கற்கள் கரடுமுரடாக, மலையிலிருந்து பெயர்த்து அப்படியே அடுக்கியது போல இருக்கின்றன. மேலே கிழக்கு முகத்தில் ஓக்ஸின் உருவம், மேற்கில் ஆலிவரின் உருவம், இரண்டும் சிற்பி செயின்ட்-காடன்ஸ் கைவண்ணம். யாரோ துப்பாக்கியால் சுட்டு விளையாடியதில் இருவர் மூக்கும் போய்விட்டது. பார்க்கவே வேதனையாக இருந்தது.

பாதையிலேயே மிக உயரமான இடம் என்பதால்தான் ரயில் கம்பெனி இதை இங்கே கட்டியது. பக்கத்தில் ஷெர்மன் என்ற ஊரும் ரயில் நிலையமும் இருந்தன. 1901இல் பாதையைத் தெற்கே மாற்றினார்கள், ஊரும் காலியாகிவிட்டது. வடக்கு முகத்தில் மட்டும் சகோதரர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கிரெடிட் மொபிலியர் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

போகிறவர்கள் பனிக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், காலையிலேயே போவது நல்லது. மதியத்துக்கு மேல் ஓக்ஸ் இருக்கும் பக்கம் நிழலில் போய்விடும், படம் சரியாக வராது.