ஓகுன் நதியின் அம்மன் பாஹியாக் கடலில்

பிப்ரவரி 2 அன்று பிரேசிலின் பாஹியா மாநிலத்துச் சல்வடோர் நகரத்தில் இருப்பவர்கள் விடியும் முன்பே ரியோ வெர்மெல்யோ கடற்கரைக்குப் போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வரிசை தெருமுனை தாண்டிப் போய்விடும். வெள்ளையும் இளநீலமும் உடுத்திய கூட்டம், கைகளில் வெள்ளை ரோஜா, தலைக்கு மேல் பூக்கூடை. அன்று யெமான்ஜா அம்மனுக்குத் திருநாள். 1920களில் மீன்பாடு குறைந்து தவித்த மீனவர்கள் கடலுக்குள் படகெடுத்துப் போய் அவளுக்குக் காணிக்கை விட்டு வேண்டிக்கொண்டார்கள். அந்தச் சின்ன நேர்த்திக்கடன்தான் இன்று நகரமே திரளும் விழாவாகியிருக்கிறது.

எனக்கு இந்த அம்மன் முன்பே பழக்கம். நைஜீரியாவில் வேலை பார்த்த வருடங்களில் அபெயோகுட்டாவுக்கு அடிக்கடி போவேன். 1830-ல் யொருபா இனத்தின் ஒரு பிரிவான எக்பா மக்கள் ஓலுமோ பாறையின் அடியில் அடைக்கலம் தேடி அமைத்த ஊர் அது. ஊரையொட்டி ஓகுன் நதி ஓடுகிறது. யொருபா மக்கள் யெமான்ஜாவை யெமோஜா என்பார்கள், அவர்களுக்கு அவள் அந்த நதியின் தாய். சண்டைக்குப் பயந்து இடம் பெயர்ந்தபோது அவளுடைய வழிபாட்டுப் பொருள்களைச் சுமந்துகொண்டே இந்த நதிக்கரைக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே அவள் ஆற்றின் தெய்வம். அட்லாண்டிக்கின் இந்தக் கரையிலோ அவள் கடலுக்கே அரசி. இதை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாக மனதில் கிடந்தது.

ஆற்றின் தாய் கடலுக்கு வந்த கதை வேதனையான கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யொருபா மக்களின் ஓயோ பேரரசு சரிந்தது. அடுத்தடுத்து நடந்த போர்களில் பிடிபட்ட யொருபா மக்கள் ஆயிரக்கணக்கில் லாகோஸ், வீடா துறைமுகங்களில் விற்கப்பட்டார்கள். பாஹியாவுக்கும் கியூபாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். மூன்று நூற்றாண்டுகளில் பிரேசிலுக்கு மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். யொருபாக்கள் கடைசிக் காலத்தில், பெருந்தொகையாக, ஒரே நகரத்தில் வந்து சேர்ந்ததால் அவர்களுடைய மொழி சிதறிப் போகவில்லை. பாஹியாவில் அவர்களுக்கு நாகோ என்று பெயர், கியூபாவில் லுக்குமி. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல்தான். ஒரு பிடி ஆற்று மண்ணைக்கூட எடுத்துவர முடியாமல் சங்கிலியோடு வந்தவர்களிடம் மிச்சமிருந்தவை அம்மனின் பெயரும் அவளை அழைக்கும் பாட்டும் மட்டுமே. எதிரே இருந்தது கடல். அதிலேயே அவளைக் கண்டுகொண்டார்கள்.

சரி, திருநாளுக்கு வருகிறேன்.

கடலம்மனுக்கு முன்பாக ஓஷுனுக்கு ஒரு மரியாதை உண்டு. ஓஷுன் நன்னீரின் தெய்வம். நைஜீரியாவில் ஒஷோக்போ ஊரின் புனிதத் தோப்பில் ஆகஸ்ட் மாதம் அவளுக்கு விழா நடக்கும். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த தோப்பு அது. சல்வடோரில் அவளுக்கான காணிக்கை டீக்கே தோ தொரொரோ என்ற ஏரியில் இறங்குகிறது. அதன் பிறகே கடற்கரையில் வாணவேடிக்கையோடு யெமான்ஜாவின் விழா தொடங்கும். இந்த வரிசை தவறுவதே இல்லை.

கடற்கரையில் மீனவர்களின் சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதையொட்டித்தான் அம்மனின் சந்நிதி. பூ, வாசனைத் திரவியம், சீப்பு, கண்ணாடி, சோப்பு, பொம்மை என்று ஒரு பெண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் கூடையில் அடுக்கித் தருகிறார்கள். காணிக்கை கரைக்குத் திரும்பி வந்தால் அம்மன் ஏற்கவில்லை என்று அர்த்தம். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கடலுக்குக் கேடு என்று இப்போது பிரசாரம் நடக்கிறது. அதனால் பலர் வாசனைத் திரவியத்தைப் பூவின் மேல் தெளித்துவிட்டு, குப்பியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அம்மனின் உடம்பே கடல் என்று நம்புகிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். நானும் வெறும் பூ மட்டும் வைத்தேன். மாலையில் பெரிய காணிக்கையோடு படகுகள் கிளம்பியபோது கரை முழுக்க "ஓதோயா! ஓதோயா!" என்று முழங்கியது. அவளை வாழ்த்தும் சொல் அது. என் பக்கத்தில் நின்றவர்கள் போர்த்துகீசியம் தவிர வேறு மொழி பேசாதவர்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் வாயில் வந்தது யொருபா.

பசிக்கு அகராஜே. தோல் நீக்கி அரைத்த தட்டைப்பயறு மாவைச் செம்பனை எண்ணெயில் பொரிப்பார்கள். நம் ஊர் வடைக்கு நெருங்கிய உறவு. லாகோசில் காலைவேளையில் தெருவோரம் அக்கரா என்று விற்பதும் இதுதான். இங்கே அது யான்ஸான் அம்மனுக்குரிய படையல். வெள்ளைப் பாவாடை, தலைப்பாகை, மணிமாலையோடு உட்கார்ந்து விற்கும் பெண்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

விழா முடிந்த பிறகு, தெரிந்த குடும்பம் ஒன்றின் மூலம், ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தெரெய்ரோவுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தது. ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்த வழிபாட்டிலிருந்து பிரேசிலில் வளர்ந்த சமயம் கண்டோம்ப்ளே, அதன் வழிபாட்டு இல்லத்தைத் தெரெய்ரோ என்பார்கள். அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. மண்டபத்தின் தரையில் வாசனை இலைகள் பரப்பியிருந்தன. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உள்ளே வந்த ஒவ்வொருவரும் இல்லத்தின் தலைமைப் பூசாரியான அன்னையின் முன்னால் தரையில் விழுந்து வணங்கினார்கள். யொருபா நாட்டில் பெரியவர்களைக் கண்டால் ஆண்பிள்ளைகள் நெடுஞ்சாண்கிடையாக விழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை இங்கே அப்படியே இருந்தது.

ரும், ரும்பி, லே என்று மூன்று மேளங்கள், கூடவே இரும்பு மணி. முதல் மரியாதை எஷுவுக்கு. அப்புறம் ஓகும், ஒஷோசி என்று ஒவ்வொரு ஒரிஷாவுக்கும், அதாவது ஒவ்வொரு யொருபா தெய்வத்துக்கும், வரிசையாகப் பாட்டு. கடைசியில் வெண்ணிற ஆடையின் தெய்வமான ஒஷாலா. யெமான்ஜாவின் முறை வந்தபோது மேளத்தின் நடை மாறி அலைபோல் தணிந்து எழுந்தது. ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. கைகளை விரித்து, நீரை அளைவதுபோல் மெதுவாக ஆடினாள். என்னையறியாமல் கைகூப்பினேன்.

பாட்டெல்லாம் யொருபா. எனக்குத் தெரிந்த கொஞ்சத்தில் தண்ணீர், அம்மா, பிள்ளை, வீடு, வா ஆகிய சொற்கள் பிடிபட்டன. யொருபாவில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளைத் தீர்மானிக்கும். தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று நிலைகள். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பிடித்துப் பேசும் மேளங்கள் நைஜீரியாவில் உண்டு. பிரேசிலில் பேச்சுமொழியாக யொருபா நிலைக்கவில்லை, அந்த மூன்று நிலைகளும் பெரும்பாலும் கரைந்துவிட்டன. ஆனால் பாட்டில் வரும்போது மெட்டே சில சொற்களை எனக்கு அடையாளம் காட்டியது. பாடுகிறவர்களில் பலருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. தெய்வம் கேட்டுப் பழகிய மொழியில் கூப்பிட வேண்டும் என்ற பிடிவாதம்தான் இத்தனை தலைமுறையாக அந்தச் சொற்களைக் காப்பாற்றியிருக்கிறது.

யொருபாக்கள் இங்கே கப்பலேற்றப்பட்ட அதே காலத்தில் ஆப்பிரிக்கக் கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1821-ல் பிடிபட்டு விற்கப்பட்ட ஒரு யொருபாச் சிறுவன் ஏற்றப்பட்ட போர்த்துகீசியக் கப்பலை அடுத்த வருடம் பிரிட்டிஷ் கடற்படை மறித்து மீட்டது. அவர்தான் பின்னாளில் ஆயர் ஆன சாமுவேல் அஜாயி குரௌதர். 1843-ல் யொருபா இலக்கணமும் சொல்தொகுதியும் வெளியிட்டார், பைபிள் மொழிபெயர்ப்பிலும் முதன்மைப் பங்கு அவருடையது. 1846-ல் தன் தாயை மறுபடி கண்டது அபெயோகுட்டாவில்தான். மீட்கப்படாமல் இந்தக் கரையில் இறங்கியவர்களுக்கு அச்சும் ஏடும் கிடைக்கவில்லை. வாய்ப்பாடமாகவே வைத்திருந்தார்கள், அதுவும் பயந்து பயந்து. போலீஸ் நுழைந்து மேளங்களைப் பறித்துப்போன காலங்கள் உண்டு. பாஹியாவில் தெரெய்ரோக்கள் போலீசிடம் பதிய வேண்டும் என்ற விதி 1976 வரை இருந்தது. கத்தோலிக்கப் புனிதர்களின் பெயருக்குப் பின்னால் ஒரிஷாக்களை வைத்துக் கும்பிட்டதும் உண்டு. இனி அந்த மறைப்பு வேண்டாம் என்று 1983-ல் சல்வடோரின் மூத்த அன்னையர் சிலர் வெளிப்படையாக அறிவித்தார்கள். மிகப் பழைய இல்லங்களில் ஒன்றான காசா பிராங்காவை அடுத்த வருடமே தேசியப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றார்கள். அன்னை அனின்யா 1910-ல் நிறுவிய ஓப்போ அஃபோன்ஜா இல்லத்தின் வளாகத்தில் இன்று அவர் பெயரில் பள்ளிக்கூடமே நடக்கிறது.

பூஜை முடிந்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள். நான் அபெயோகுட்டாவுக்குப் போய் வந்தவன் என்பது தெரிந்ததும் ஒரு வயதான அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுமா, அகலம் எவ்வளவு, பெண்கள் இன்னும் இறங்கிக் குளிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மழைக்காலத்தில் செம்மண் நிறமாகப் பெருகும், கோடையில் பாறைகள் தெரியும் என்றேன். பக்கத்தில் இருந்த பெண் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்க்க, அவர் ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். கேட்டு முடித்து, ஆற்றுக்கான பாட்டு ஒன்றை எனக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். நான் தப்பாகச் சொன்னால் விடவில்லை, சரியாக வரும்வரை திரும்பச் சொல்ல வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தெரெய்ரோவில் வெள்ளை அல்லது வெளிர்நிற உடை போதும், கறுப்பு வேண்டாம். அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. பாட்டு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். சாப்பாடு தந்தால் மறுக்காதீர்கள், அது பிரசாதம். கடற்கரைக்கு வெள்ளைப் பூ மட்டும் கொண்டுபோனால் போதும்.