ஒரு மா அளவுக்கு வைக்கோல் பிரி

ஜனவரி 2

திருத்துறைப்பூண்டிப் பக்கம் உள்ள இந்தப் பண்ணைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று வாரம் தங்கி, இங்கே கிடைப்பதைக் கொண்டு ஒரு கலைப்படைப்பு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகப் பண்ணை வேலை நிற்காது. சம்பா அறுப்பு நடக்கிறது. பனி விலகும் முன்பே ஆட்கள் வயலில் இறங்கிவிடுகிறார்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, 160 நாள் பயிர். ஆளுயரம் வளர்ந்து, போன வாரக் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. சாய்ந்த பயிரில் மெஷின் சரியாக ஓடாது, வைக்கோலையும் நசுக்கிவிடும் என்பதால் கையறுப்புதான்.

வயல் நடுவே 12 அடி உயரத்தில் வைக்கோல் நாரை ஒன்று செய்யலாம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். 40 கட்டு வைக்கோல், கட்டுக்கம்பி, பசை வேண்டும் என்று பட்டியல் கொடுத்தேன்.

ஜனவரி 4

பண்ணைக்கார ஐயா மறுப்புச் சொல்லவில்லை. "வைக்கோல் அவங்க பொறுப்பு, கேட்டுக்கோங்கம்மா" என்று மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவிடம் அனுப்பினார். பெரியம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டார்: "செஞ்சு முடிச்சப்புறம் மாடு திங்குமா பாப்பா?"

தின்னாது. வைக்கோலோடு கம்பித்துண்டு உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் தங்கி, நெஞ்சுப் பக்கமாகக் குத்திக்கொண்டு போகும். அப்படி ஒரு பசுவைப் பறிகொடுத்திருக்கிறார் அவர்.

இன்று முழுக்கப் பண்ணையைச் சுற்றிப் பார்த்தேன். உமி அடுப்புக்கு, சாம்பல் பாத்திரம் துலக்க. பதரைக் கோழி கிளறுகிறது. சாணமும் கோமியமும் பயிருக்கு விடும் அமிர்தக்கரைசல் என்ற உரத் தொட்டிக்குப் போய்விடுகின்றன. என் விண்ணப்பத்தில் 'பண்ணையில் வீணாகும் இயற்கைப் பொருட்கள்' என்று எழுதியிருந்தேன். இங்கே எதுவும் வீணாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு வாய் காத்திருக்கிறது.

ஜனவரி 5

நாரை வேண்டாம்.

ஜனவரி 7

பெரியம்மாவிடம் பிரி, அதாவது வைக்கோல் கயிறு, முறுக்கக் கற்கிறேன். ஒருவர் உட்கார்ந்து வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுக்க, இன்னொருவர் குச்சியில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் வைக்கோல் வளைந்து கொடுக்கும். கையறுப்பு வைக்கோல் நீளம் என்பதால் முறுக்கு நிற்கிறது. உள்ளங்கை எரிகிறது. இரண்டு மணி நேரத்தில் 20 அடிதான் வந்தது.

ஜனவரி 9

ராத்திரி ஐயாவோடு திண்ணையில் பேச்சு. இந்த மாப்பிள்ளைச் சம்பா விதையை அவர் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் வாங்கினாராம். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் வைத்த வழக்கம் அது: 2 கிலோ விதை வாங்கினால் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஜெயராமன் 2018-ல் காலமானார். ஐயா தன் 4 கிலோவைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளை இன்னும் சந்தோஷமாகச் சொல்கிறார்.

கல்லூரியில் ஆக்னஸ் டெனிஸ் என்ற கலைஞரைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1982-ல் நியூயார்க்கில், வால் ஸ்ட்ரீட் பக்கத்தில், மண் கொட்டி நிரப்பிய 2 ஏக்கரில் கோதுமை விதைத்து அறுத்தவர். வானளாவிய கட்டடங்களுக்கு முன்னால் மஞ்சள் கதிர்கள் நிற்கும் புகைப்படம் வருஷக்கணக்காக என் சுவரில் இருந்தது. அறுத்த பிறகு அந்தத் தானியம் எங்கே போனது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. அதன் விதைகளைப் பிற்பாடு ஊர் ஊராகக் கொண்டுபோய் மக்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று இன்று தோன்றுகிறது.

சரி, எனக்கும் வழி தெரிந்துவிட்டது. வைக்கோலைக் கடனாக வாங்குகிறேன். பிரியாக முறுக்கி ஒரு வயலைச் சுற்றி விரித்துவிட்டு, கம்பி, பசை, சாயம் எதுவும் படாமல் மாட்டுக்கே திருப்பிக் கொடுப்பேன்.

ஜனவரி 11

தப்பு செய்துவிட்டேன். முறுக்கிய ஈரம் காயும் முன்பே பிரியைச் சுருட்டி, பனிக்குப் பயந்து தார்ப்பாயால் மூடி வைத்தேன். காலையில் கை வைத்தால் உள்ளே சூடு, வெள்ளைப் பூசணம், புளித்த வாடை. பசு முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. 40 அடி போச்சு. பெரியம்மா திட்டவில்லை. எடுத்துக் கத்தரிச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜனவரி 14, போகி

இப்போது சாயங்காலம் ஆறு மணி. அறுப்பு முடிந்த வயல் ஒன்றின் வரப்பை ஒட்டி, நான்கு பக்கமும் பிரியை விரித்துவிட்டோம். சரியாக ஒரு மா நிலம். மா என்பது இந்தப் பக்கத்து நில அளவு; இன்றைய கணக்கில் 33 சென்ட். சுற்றி வர ஏறத்தாழ 480 அடிப் பிரி. கடைசி மூன்று நாளும் நடவு ஆட்களில் நான்கு பேர் கூட உட்கார்ந்து முறுக்கினார்கள். அவர்களுக்கு நாள் கூலி கொடுத்தோம்.

விரித்து முடித்ததும் எல்லோரும் பிரி ஓரமாகவே ஒரு சுற்று நடந்தோம். அவர்களில் ஒரு அக்கா பாதியில் நின்றார். "முப்பது வருஷமா இதுல நட்டிருக்கேன், அறுத்திருக்கேன். கைய வீசிக்கிட்டு சுத்தி நடந்தது இன்னைக்குத்தான்." அப்புறம் இன்னொரு சுற்று நடந்தார், தனியாக. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

இரண்டு ராத்திரிப் பனியில் பிரி நனைந்திருந்தது. நேற்றும் இன்றும் வெயிலில் உலர்த்தி, பத்தடித் துண்டுகளாக அறுத்தோம். ஒவ்வொன்றையும் பெரியம்மா முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டிய பிறகு பசுக்களுக்கு முன்னால் போட்டோம். முதுபசு ஒரு நுனியைக் கவ்வித் தலையை உதறியது. முறுக்கு தானாகப் பிரிந்து வைக்கோலானது. மென்றபடியே அடுத்த துண்டை இழுத்தது.