நாள் தவறாத சிகிச்சை

கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் கதிரியக்கப் புற்றுநோயியலில் எம்.டி. என்பது மூன்றாண்டுப் படிப்பு. அதில் சேரும் பலரைப் போல நானும், இது இயந்திரங்களோடும் இயற்பியலோடும் மல்லுக்கட்டும் துறை என்று எண்ணித்தான் நுழைந்தேன். முதலாண்டு அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தவே செய்தது. பள்ளியோடு மறந்துபோயிருந்த சமன்பாடுகளை மீண்டும் எடுத்துப் படித்தோம். சிகிச்சை இயந்திரத்தில் கதிர்வீச்சைத் தரும் கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகும் காலம், 5.27 ஆண்டுகள் என்பதால் அதன் வீரியம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும் என்பதையும், அதே அளவு கதிர்வீச்சைக் கொடுக்க நோயாளி இயந்திரத்தின் கீழ் படுத்திருக்க வேண்டிய நேரம் அதற்கேற்பக் கூடும் என்பதையும் கையால் கணக்கிட்டுப் பழகினோம்.

பிறகு வந்தது கான்டூரிங். சி.டி. படங்களில் ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் கட்டியையும், நிணநீர்க் கணுக்களையும், காக்க வேண்டிய உறுப்புகளையும் சுற்றிக் கோடு வரைவது அது. தண்டுவடத்துக்கு 45 கிரேவுக்கு (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) மேல் போகாமலும், உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேவுக்குள்ளும் நிறுத்தியபடி கட்டிக்கு 70 கிரே கொடுக்கும் திட்டம் திரையில் வண்ணமயமாக விரியும்போது, வேலை முடிந்துவிட்டதென்றே தோன்றும்.

உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. 70 கிரே என்பது 35 தவணைகள். வாரத்துக்கு ஐந்து வீதம் ஏழு வாரங்கள். புகையிலை போட்டுக் கன்னத்தில் புற்று வந்த ஒரு கூலித் தொழிலாளி அந்த ஏழு வாரமும் நாள் தவறாமல் வந்தாக வேண்டும். மூன்றாம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், கஞ்சிகூட இறங்காது, எடை குறைந்து, தலை அசையாதிருக்க முகத்துக்கென வார்த்த மாஸ்க் தொளதொளக்கும். கூலி போகும், பேருந்துச் செலவு கூடும், ஊரில் திருவிழா வரும். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டாலும், இழந்த கூலியை அது ஈடுகட்டுவதில்லை. இவற்றையெல்லாம் தாண்டி நிற்பவரும் ஐந்தாம் வாரத்தில், "டாக்டரம்மா, கட்டிதான் கரைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குக் கரண்ட் வைக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவதுண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத மிச்சத்துக்காக இத்தனை வேதனையைத் தாங்கு என்பது எளிதில் ஏற்கக்கூடிய வாதமன்று.

ஆனால் உயிரியல் அவருக்குச் சலுகை காட்டாது. சிகிச்சை தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குப் பின், எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும் என்பதால், பிற்பாதியில் விடுபடும் நாள்கள் பெரும் இழப்பாகின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயில், கதிர்மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் உட்கதிர் சிகிச்சையும் சேர்த்து எட்டு வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. விட்ட நாளை ஈடுசெய்யச் சனிக்கிழமையும் சிகிச்சை தரலாம். அல்லது ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரு தவணை தரலாம். இயந்திரமே பழுதாகி நின்ற வாரங்களில், யாருக்கு முதலில் ஈடுசெய்வது என்ற பட்டியலைப் பயிற்சி மருத்துவர்களாகிய நாங்கள்தான் எழுதினோம். வேகமாக வளரும் தலை, கழுத்துப் புற்றுகளும் கருப்பைவாய்ப் புற்றும் முன்னே வரும். எலும்பு வலிக்காக ஒரே தவணையில் 8 கிரே பெறக் காத்திருப்பவர், வலியால் துடித்துக்கொண்டிருந்தாலும், கணக்கின்படி பின்னே போவார். அந்தப் பட்டியலை எழுதுவது எனக்கு ஒருபோதும் பழகவில்லை.

ஆகவே, வாராந்தரப் பரிசோதனையைச் சடங்காக முடித்துவிட்டு பிளானிங் அறைக்கு ஓடும் பழக்கம் மெல்ல விட்டது. எங்கே தங்குவீர்கள், யார் சமைப்பார்கள், வேலை கொடுப்பவரிடம் சொல்லியாயிற்றா என்பதை மாஸ்க் வார்க்கும் நாளிலேயே கேட்கத் தொடங்கினேன். சொத்தைப் பற்களை முன்கூட்டியே பிடுங்கி ஆறவிடுவது, விழுங்க முடியாத நிலை வருமுன்பே மூக்குக் குழாய் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசிவைப்பது, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிப்பதை எதிரிலேயே செய்துகாட்டச் சொல்வது ஆகிய சிறு வேலைகள் காப்பாற்றிய நாள்கள், நான் வரைந்த எந்த நேர்த்தியான கோட்டையும்விடப் பயனுள்ளவை என்பது என் கணிப்பு.

இறுதித் தேர்வில் புற்றணுக்களின் மறுபெருக்கத்தைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். தேர்வில் நாங்கள் பரிசோதித்து விளக்குவதற்காக வந்திருந்த நோயாளி எந்த ஊரிலிருந்து, எப்படித் தினமும் வருகிறார் என்று எவரும் கேட்கவில்லை. இன்று என்னிடம் பயில்பவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி விவரிக்கும்போது, தவணை எண்ணுக்கு அடுத்தபடியாக நான் கேட்பது அதைத்தான். சிலர் அதை நேர விரயமாகக் கருதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.